மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு

பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கும் மதுரைப் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மார்க் அள்ளலாம், கணக்கு, பிசிக்ஸுக்கு நேரம் மிஞ்சும்." நியாயமான காரணம்தான். ஆனால் நேரம் மிச்சம் பிடிக்க எடுத்த பாடத்தை எவ்வளவு குறைவாகப் படிக்கலாம் என்றே மனசு கணக்குப் போடும். கட்டுரையை நெட்டுரு போட்டு 95 வாங்கிய பிள்ளைக்குத் தன் பெயரையும் ஊரையும் வாய்திறந்து சொல்ல வராது. பிளஸ் டூ முடிந்ததும் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

ஆசை ஒட்டிக்கொள்ளும் இடம் காது. அங்கேதான் முதல் தப்பும் நடக்கிறது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பார்கள். பிரெஞ்சில் மீனுக்கும் குடிக்கும் பானத்துக்கும் முதல் ஒலியில் மட்டும்தான் வித்தியாசம். நமக்கு இருப்பதோ ஒரே 'ப'. நோட்டில் இரண்டுமே 'புவாசோன்'. இரண்டு மாதம் கழித்து எது எதுவென்று எழுதியவருக்கே தெரியாது. ஒலியைக் கேட்டு, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை மட்டும் எழுதுவதே சரி.

மூக்கொலியைக் கண்டு மிரளவே வேண்டாம். 'மரம்' என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது, ஓசை மூக்கில் நின்றுவிடும். 'நல்ல' என்பதற்கான 'போன்' அங்கேதான் முடிகிறது. பேச்சில் 'வந்தான்' முடியும் அதே ஒலியில்தான் நூறைக் குறிக்கும் 'சான்' முடிகிறது. இங்கிலீஷ் வழியாகப் பிரெஞ்சு கற்கும்போது இந்தச் சொத்து நம் கையில் இருப்பதே தெரியாமல் போகிறது. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

பெயர்ச்சொல்லின் பால் வேறு கதை. நமக்கு மேசை அஃறிணை, அவ்வளவுதான். அங்கே அது பெண்பால், புத்தகம் ஆண்பால். விதி தேடி அலையாமல் 'லா தாப்ள்', 'லெ லீவ்ர்' என்று முன்சொல்லோடு சேர்த்தே மனதில் ஏற்ற வேண்டும்.

மார்க்குக்கு அப்பால் ஒரு குறி வேண்டுமென்றால் டெல்ஃப் ஏ1 தேர்வு; பிரெஞ்சு அரசின் தொடக்கநிலைச் சான்றிதழுக்கானது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக்கூடாது. சான்றிதழ் காலாவதி ஆகாது. சுமார் 100 மணி நேரப் படிப்பு தேவை; தினம் 25 நிமிடம் என்றால் எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மொத்தமாக உட்கார்வது வேலைக்கு ஆகாது, புதன்கிழமைக்குள் காது மறந்துவிடும். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி, ஆர்எஃப்ஐ என்ற பிரெஞ்சு வானொலி இரண்டின் இணையதளங்களிலும் இலவசப் பாடங்கள் உண்டு. ஒரு நிமிடத் துண்டை எழுத்து பார்க்காமல் மூன்று முறை கேட்டு, பிறகே எழுத்தோடு ஒப்பிட வேண்டும்.

எழுதிப் பழக ஊரே போதும். திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி ஐந்து சிறு வாக்கியம். கட்டிய ஆண்டு 1636: 'மில் சி சான் த்ரான்த் சிஸ்'. ஆறைக் குறிக்கும் சொல்லின் (six) எக்ஸ் முதல் 'சி'யில் ஒலிக்காது, கடைசி 'சிஸ்'ஸில் ஒலிக்கும். மார்கழி, தை மாதங்களில் சித்திரை வீதியில் நடந்தால் பிரெஞ்சு பேசும் சுற்றுலாக் கூட்டம் கண்ணில் படலாம். அருகில் நின்று, அவர்கள் விலை கேட்கும்போது அந்த எண் காதில் பிடிபடுகிறதா என்று பாருங்கள்.