பெட்டி வந்தது, கரண்ட் வரவில்லை

மார்ச் 4
அலுவலகம் போகும் வழியில் காலி மனையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழாய் வேலை என்று நினைத்தேன். மாலையில் பலகை மாட்டியிருந்தது: 120 கிலோவாட் வேகச் சார்ஜர், இரண்டு கன் (வண்டியில் செருகும் கேபிள் முனை). வண்டியை ஓரங்கட்டி இன்னொரு முறை படித்தேன். வீட்டில் இருப்பது 3.3 கிலோவாட். என் மின்சார வண்டியின் 40 யூனிட் பேட்டரி நிரம்ப ராத்திரி முழுக்கப் பத்தாது.

மார்ச் 19
பெட்டி வந்துவிட்டது! பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் சிமென்ட் மேடையில் நிற்கிறது. அடுத்த வாரம் திறந்துவிடுவார்கள் என்று வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 2
திறக்கவில்லை.

ஏப்ரல் 11
காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். "பெட்டி ரெடி சார், கரண்ட்தான் வரணும்."

நியாயம்தான். இரண்டு கிலோவாட் ஹீட்டர்கள் அறுபதை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி இழுக்கும் பெட்டி. தெருக்கம்பியிலிருந்து கொக்கி போட முடியுமா? தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி மீட்டர், தடிமனான கேபிள், எர்த்திங், அப்புறம் சோதனை. வீட்டுக்கு வரும் ஏசி கரண்டை, பேட்டரி ஏற்கும் டிசி கரண்டாக மாற்றுவது வண்டிக்குள் இருக்கும் சின்னச் சார்ஜர். அதன் அளவுக்குத்தான் வேகம். இங்கே அந்த வேலையைப் பெட்டியே செய்து பேட்டரிக்கு நேராக அனுப்பிவிடும். அதனால்தான் அதற்கு அவ்வளவு உடம்பு, அவ்வளவு பசி.

ஏப்ரல் 27
டிரான்ஸ்ஃபார்மர் இறங்கியிருக்கிறது. படம் எடுத்து வீட்டில் காட்டினேன். யாரும் பாராட்டவில்லை. சார்ஜர்களைக் காட்டும் ஆப்பில் இன்னும் "விரைவில்" என்றே இருக்கிறது.

மே 8
அவசரத்துக்கு 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய சார்ஜருக்குப் போனேன். ஒரே கன். எனக்கு முன்னால் இருந்தவர் 91 சதவீதத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறார். 80-ஐத் தாண்டினால் பேட்டரியைக் காப்பதற்காக வண்டியே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் கடைசி இருபதுக்கு ஆகும் நேரத்தில் இன்னொருவர் பாதி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். இது தெரியாமலா வண்டி வாங்கினார்? கண்ணாடியைத் தட்ட மனம் வரவில்லை. மனதுக்குள் நிறையச் சொன்னேன்.

மே 21
ஆப்பில் பச்சை!

சாப்பாட்டு இடைவேளையில் ஓடினேன். கன் நல்ல கனம், இரண்டு கையாலும் தூக்கித்தான் செருகினேன். பெட்டிக்குள் ஒரு டக், மின்விசிறிகளின் இரைச்சல். இரண்டரை மாதமாகக் காத்திருந்த எண்ணைப் பார்க்கத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

17 கிலோவாட்.

நேற்று ராத்திரி வீட்டில் வழக்கம்போல் சார்ஜ் போட்டிருக்கிறேன். பேட்டரி 86-ல் இருக்கிறது. பக்கத்து கன்னில் வேறொரு வண்டி; பின்னால் மூன்றாவதாக ஒன்று வந்து நின்றது. அதிலிருந்தவர் இறங்கி என் திரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

கன்னைக் கழற்றி மாட்டிவிட்டு நகர்ந்தேன். இன்று ராத்திரி வீட்டில் சார்ஜ் போடுவதாக இல்லை.