கப்பலுக்குக் கலியாணம்

"அப்பா, கப்பலுக்குக் கலியாணமா?"

கொழும்புக் கோட்டைக்கு வரும் பஸ்ஸில் சன்னலோரச் சிறுவன் கேட்ட கேள்வி. துறைமுகத்தில் நின்ற கடற்படைக் கப்பலில், முனையிலிருந்து கொடிமர உச்சி வழியாகப் பின்புறம் வரை வண்ண வண்ணக் கொடிகள். அலங்காரத்துக்கென்று தைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தையோ எண்ணையோ குறிக்கும் சமிக்ஞைக் கொடி.

இன்று டிசம்பர் 9. 1950இல் இதே நாளில்தான் அரச இலங்கைக் கடற்படை பிறந்தது. முதல் போர்க்கப்பல் 'விஜய', பிரிட்டன் கொடுத்த கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் உள்ள கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்.

1960 முதல் 1970 வரை அந்தப் படையின் தளபதி ஒரு தமிழர்: ராஜன் கதிர்காமர். வெளியுறவு அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். பஸ்ஸில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பின்னர் வந்த போர்க்காலத்தில், வடக்கின் மீனவர் பலருக்குக் கடற்படை என்றாலே அச்சம்தான். வாழ்த்து எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கடல் மரபு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல்தான். 1938இல் அது அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. கடற்படை பிறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.