குரோமியத் தொட்டியிலிருந்து மருத்துவக் குழு வரை

கோவையில் பம்புத் தண்டுகளுக்கும் ஜவுளி இயந்திர உருளைகளுக்கும் ஹார்டு குரோம் முலாம் (கடினமான குரோமியப் பூச்சு) பூசும் சிறிய பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் முலாம் தொட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த எனக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுந்தது. அது தொழில்நோய்தான் என்று இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம்) ஏற்றுக்கொள்ளும் வரை நடந்தவற்றை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

குரோமிக் அமிலத் தொட்டியில் பாய்ச்சும் மின்சாரத்தின் பெரும்பகுதி உலோகத்தைப் படியவைப்பதில் செலவாவதில்லை. ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்புவதிலேயே போய்விடுகிறது. அக்குமிழிகள் மேற்பரப்பில் வெடிக்கும்போது அந்த அமிலத்தில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) நுண்ணிய மூடுபனியாக எழும்பி, தொட்டியின் மேல் குனிந்து நிற்பவரின் மூக்கினுள் படிகிறது. அங்கே உண்டாகும் புண்ணில் வலி பெரிதாக இருப்பதில்லை. பொருக்குத் தட்டும், சில நாட்கள் இரத்தம் கசியும், பின்னர் மூச்சு இழுக்கையில் சீழ்க்கை போன்ற ஒலி வரும். எங்கள் பட்டறையில் இதைச் சளிக்கோளாறு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் துளையைக் கண்டதும் மூக்குப்பொடி போடும் பழக்கம் உண்டா, மூக்கில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று விசாரித்து, காசநோய்க்கும் மேகநோய்க்கும் (சிபிலிஸ்) பரிசோதனை எழுதினார். அவையும் நடுச்சுவரைத் துளைக்கக்கூடியவை என்பதால் அது முறையான செயலே. ஆனால் வேலை என்ன என்று கேட்டால் ‘கம்பெனியில்’ என்று பதில் சொல்வதுதான் நம்மில் பலருக்கும் வழக்கம். நான் குரோமிக் அமிலத் தொட்டி என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதித்தரக் கேட்டேன். என் பார்வையில், பின்னர் இ.எஸ்.ஐ.க்குக் கொடுத்த கோப்பு முழுவதையும் தாங்கியது அந்த ஒரு வரிதான்.

நான் விண்ணப்பித்தபோது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஆ பகுதியில், குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் இடம்பெற்றிருந்தன. அத்தகைய வேலையில் தொடர்ந்து 6 மாதங்களுக்குக் குறையாமல் இருந்தவருக்கு நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை, அது வேலையால் விளைந்த பாதிப்பாகவே கொள்ளப்படும் என்று பிரிவு 52ஏ கூறியது. நோயைத் தொழிலோடு இணைக்கும் சுமை நம் தலையில் இல்லை என்பதை அலுவலகத்தில் யாரும் தாமாக முன்வந்து சொல்லவில்லை. வேலையின் தன்மை குறித்த சான்றிதழில் கையெழுத்திட முதலாளி நெடுநாள் தயங்கினார். தொழிற்சாலை ஆய்வாளர் வந்துவிடுவாரோ என்ற அச்சம் அவருக்கு. ஆகவே சம்பளச் சீட்டுகளையும், என் கையெழுத்துள்ள தொட்டிப் பதிவேட்டின் நகல்களையும் முதலில் கொடுத்தேன். சான்றிதழ் பிறகு வந்தது.

சிறுநீரில் குரோமியம் அண்மைக்கால வெளிப்பாட்டையே காட்டும். விடுப்பில் இருந்துவிட்டுக் கொடுத்தால் அளவு இறங்கியிருக்கும் என்பதால், வார வேலையின் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் மாதிரி கொடுத்தேன். கைகளில் இருந்த அரிப்புக்குத் தனியாக ஒட்டுப் பரிசோதனை நடந்தது. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த வாஸ்லைனை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நீர் படாமல் வைத்திருந்து, பட்டையை எடுத்ததும் ஒருமுறையும் பின்னர் மறுமுறையும் பார்த்தார்கள். அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. மூக்கின் துளை அமிலம் நேரடியாக அரித்ததால் வந்தது, கையில் இருப்பது ஒவ்வாமை, இரண்டும் வேறு என்று அங்கேதான் விளங்கியது. குரோமியத்தால் பதனிட்ட தோல் செருப்பும் சிமெண்டும் எனக்கு இனி ஆகாது என்றார் தோல் மருத்துவர்.

சிறப்பு மருத்துவக் குழு என் கோரிக்கையை ஏற்றது. நிர்ணயித்த இழப்பு விழுக்காடு சிறியது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதுதான் கணக்கு, மூக்கில் துளை இருப்பவரும் வேலை செய்யலாம் அல்லவா! துளையை மூடும் அறுவை சிகிச்சையை நான் வேண்டாம் என்றேன். உப்புநீரால் கழுவி, களிம்பு தடவி வருகிறேன். லேத் பகுதிக்கு மாற்றப்பட்டிருக்கிறேன்.

குழுவின் முடிவையும் வெளிப்பாட்டுச் சான்றுகளையும் தனிக்கோப்பில் வைத்திருக்கிறேன். ஆறு இணைதிறன் குரோமியச் சேர்மங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று வகைப்படுத்தியது. நுரையீரலில் புற்றுநோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் பட்டறை மூடப்பட்டிருந்தால் இந்தத் தாள்களை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.