பீம்லைனில் இருக்கும் ஆள்

பல்கலைக்கழகத் தலைவரும் தேசிய ஆய்வக இயக்குநரும் கைகுலுக்கும் படத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்தி வந்தால் எனக்குப் பெரிதாக உற்சாகம் வராது. நான் முதலில் தேடுவது, அந்தப் பக்கம் நம்மோடு உட்கார்ந்து வேலை பார்க்கப்போவது யார் என்பதைத்தான்.

நான் புரதப் படிகங்களை வளர்ப்பவன். வளர்ப்பதுவரை எங்கள் லேபிலேயே முடிந்துவிடும். அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று துல்லியமாகப் பார்க்க சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் வேண்டும், அதாவது எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் அதிவேகமாக ஓடவிட்டுப் பெறும் வலுவான எக்ஸ் கதிர். சிகாகோ அருகே ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் உள்ள சேமிப்பு வளையத்தின் சுற்றளவே சுமார் 1.1 கிலோமீட்டர். ஒரு துறையின் பட்ஜெட்டில் அடங்குகிற சமாசாரமா அது? ஆய்வகம் அமெரிக்க அரசுக்குச் சொந்தம். அதை நடத்துவது சிகாகோ பல்கலைக்கழகம் அமைத்த நிறுவனம். இந்த உறவு 1942இல் அதே பல்கலைக்கழக வளாகத்தில் முதல் அணு உலை இயங்கிய காலத்திலிருந்து வருகிறது.

வெளியாட்களுக்கான ஏற்பாடு எளிமையானது. திட்டத்தை எழுதி அனுப்பினால் மதிப்பீட்டுக் குழு பார்க்கும். முடிவுகளை ஆய்விதழில் வெளியிடுவதாக இருந்தால் பீம் டைம், அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேரம், இலவசம். ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பும் கம்பெனிகள் முழுச் செலவையும் கட்ட வேண்டும். எனக்குப் பிடித்த விதி இது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை நாம் கேம்பிரிட்ஜோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் அவர் அதற்கு முன் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். 2009 நோபல் பரிசுக்குக் காரணமான ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆய்வில் அவரும் பரிசைப் பகிர்ந்த மற்ற இருவரும் ஆர்கோனின் கதிரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பரிசுச் செய்திகளில் அந்த பீம்லைன்களை, அதாவது வளையத்திலிருந்து வரும் கதிரைப் படிகத்தின் மேல் விழவைக்கும் ஆய்வு நிலையங்களை, ஓட்டியவர்களைத் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்க மாட்டார்கள்.

பீம்லைன் விஞ்ஞானி என்பவர் பொத்தான் அழுத்தும் ஆபரேட்டர் இல்லை. ராத்திரி ஷிப்டில் எல்லோரும் சோர்ந்து கிடக்கும்போது, படிகத்தில் கதிர் சிதறிப் பதிந்த படத்தைப் பார்த்துவிட்டு "இது இரட்டைப் படிகம், ரெண்டு ஒட்டி வளர்ந்திருக்கு, அடுத்ததைப் போடுங்கள்" என்று சொல்பவர் அவர். இப்போதெல்லாம் படிகங்களைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த டூவாரில் (வெப்பம் புகாத குடுவையில்) கூரியர் செய்துவிடுகிறோம். ரோபோ எடுத்து மாட்டும், நாங்கள் இங்கிருந்தே கணினியில் தரவை எடுப்போம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களுக்கு அந்த ராத்திரிப் பேச்சு கிடைப்பதில்லை. அதனால் புதிதாகச் சேரும் மாணவரை ஒரு முறையாவது நேரில் போகச் சொல்கிறேன், பயணச் செலவைப் பற்றி முணுமுணுப்பு வந்தாலும் சரி.

ஆர்கோன் வளையத்தை மேம்படுத்த 2023 ஏப்ரலில் நிறுத்தினார்கள். பழைய காந்தங்களைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தி, 2024இல் மறுபடி எலக்ட்ரான்களை ஓடவிட்டார்கள். 500 மடங்குவரை பிரகாசமான கதிர் என்பது திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதிர் வலுக்க வலுக்க, படிகம் தாங்கக்கூடிய மொத்தக் கதிர்வீச்சும் நொடியில் தீர்ந்துவிடும். கதிரை எவ்வளவு மட்டுப்படுத்துவது, எந்த வேகத்தில் படிகத்தைச் சுழற்றுவது என்பதை அந்த பீம்லைனிலேயே குடியிருப்பவரிடம்தான் கேட்டாக வேண்டும்.