ஷெல்ட்ரிக்கின் மேற்கோள்கள்: எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

ஒரு வேதியியல் ஆய்வாளரை மதிப்பிட வேண்டிய இடங்களில் எல்லாம் இன்று முதலில் கேட்கப்படுபவை கட்டுரைகளின் எண்ணிக்கை, மேற்கோள்களின் எண்ணிக்கை (பிறர் தம் கட்டுரைகளில் அவற்றை எத்தனை முறை ஆதாரமாகக் குறிப்பிட்டார்கள் என்பது), எச்-குறியீடு ஆகிய மூன்றுதாம். ஒருவருடைய கட்டுரைகளில் எச் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள்களைப் பெற்றிருந்தால், அந்த மிகப்பெரிய எச்தான் அவருடைய எச்-குறியீடு. இவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று யோசிக்கும்போது, படிகவியலில் பணியாற்றும் எனக்கு ஜார்ஜ் ஷெல்ட்ரிக்கின் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது.

1942இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்று, 1978இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த ஷெல்ட்ரிக், படிகத்தில் பட்டு எக்ஸ்-கதிர்கள் சிதறும் விளிம்பு விளைவுத் தரவுகளிலிருந்து படிகத்தினுள் அணுக்கள் அமைந்துள்ள இடங்களைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் என்ற கணினி நிரல் தொகுப்பை 1970 வாக்கில் எழுதத் தொடங்கினார். 1976இல் அது மற்ற ஆய்வகங்களுக்கும் சென்றது. அதன் உள்ளீட்டுக் கோப்பை இன்று திறந்தாலும், கணினிக்குத் துளையிட்ட அட்டைகளில் உள்ளீடு தந்த துளையட்டைக் காலத்தின் ஒழுங்கு அப்படியே இருப்பதைக் காணலாம். ஒவ்வொரு வரியும் நான்கெழுத்துக்கு மேற்படாத ஒரு கட்டளையோடோ ஓர் அணுவின் பெயரோடோ தொடங்கும். 'செல்' என்ற கட்டளையை அடுத்து, மாலிப்டினக் கதிரானால் 0.71073 என்ற அலைநீளமும் (ஆங்ஸ்ட்ராம் அலகில்), அதன்பின் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டமான அலகுக்கூட்டின் மூன்று நீளங்களும் மூன்று கோணங்களும் வரிசையாக நிற்கும். தொகுப்பில் எத்தனையோ மாற்றங்கள் வந்த பிறகும் பழைய கோப்புகள் பயனற்றுப் போய்விடாதபடி அவர் காத்த அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கல்வி நிறுவனங்களுக்கு விலையின்றிக் கிடைத்த இந்த நிரலைப் பல்லாண்டுகளாக உலகெங்கும் வேதியியலாளர்கள் பயன்படுத்தினார்கள். ஆனால் அதைக் குறிப்பிட அவர்களுக்குப் பொதுவான ஒரு கட்டுரை இல்லை. சிலர் "ஷெல்எக்ஸ்எல்-97, கோட்டிங்கன் பல்கலைக்கழகம், 1997" என்று எழுதினார்கள்; சிலர் வேறு பதிப்பையோ கையேட்டையோ குறித்தார்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளையே அடிப்படையாகக் கொண்டு கணக்கிடும் தரவுத்தளங்களில் இந்தக் குறிப்புகள் சிதறிக் கிடந்தன.

2008 ஜனவரியில் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில், 'ஷெல்எக்ஸின் சுருக்கமான வரலாறு' என்று பொருள்படும் தலைப்பில் ஷெல்ட்ரிக் பதினொரு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டு, இந்த நிரல்களைப் பயன்படுத்துவோர் இதையே பொது மேற்கோளாகக் காட்டலாம் என்று அதன் சுருக்கத்திலேயே எழுதினார். அதன் விளைவாக, 2008இல் 2.051 ஆக இருந்த அந்த இதழின் தாக்கக் காரணி 2009இல் 49.926 ஆக உயர்ந்து, நேச்சர், சயின்ஸ் ஆகிய இதழ்களையும் தாண்டியது. ஓராண்டின் தாக்கக் காரணி என்பது, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் அந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே 2011இல் அந்த ஒரு கட்டுரை கணக்கிலிருந்து விலகியதும், எண் மீண்டும் இரண்டை ஒட்டி இறங்கிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு அந்த எண்ணால் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

இதைத் தாக்கக் காரணியின் குறைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்வது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2008இல் ஷெல்ட்ரிக்கின் பணி திடீரென வளர்ந்துவிடவில்லை. முன்பே இருந்த பயன்பாடு அப்போதுதான் எண்ணத்தக்க வடிவத்துக்கு வந்தது. 2007இல் அவருடைய மேற்கோள் பட்டியலைப் பார்த்து அவரை எடைபோட்டிருந்தால், உலகின் படிக ஆய்வகங்களில் அன்றாடம் நடந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி கண்ணில் பட்டிருக்காது. எச்-குறியீட்டின் நிலையும் இதில் மேலானதன்று. 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த அந்தக் கணக்கில், பல்லாயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரையும், குறியீட்டின் எல்லையை மட்டும் எட்டிய கட்டுரையும் ஆளுக்கு ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

இதற்கு நேர் எதிரான ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜியில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம்; புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் எந்தெந்த முறுக்குக் கோணங்கள் அமையக்கூடும் என்று அது காட்டுகிறது. அது இல்லாமல் இன்று ஒரு புரத அமைப்பின் தரத்தைச் சோதிப்பதை நினைத்துப் பார்க்க முடியாது. அமைப்பைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் அதைத் தாமாகவே வரைந்து தருகின்றன. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில், அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் எத்தனை விழுக்காடு அமினோ அமிலங்கள் விழுந்தன என்ற வரியும் இடம்பெறுகிறது. ஆனால் அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரை மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. வரைபடம் பொது அறிவாகிவிட்டதால், பெயரைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது.

ஷெல்ட்ரிக் 2015இல் ஷெல்எக்ஸ் தொகுப்பிலுள்ள ஷெல்எக்ஸ்எல், ஷெல்எக்ஸ்டி ஆகிய இரண்டு நிரல்களுக்கும் தனித்தனிக் கட்டுரைகளை எழுதினார். எங்கள் ஆய்வகத்தில் பெப்டைடு (சிறு அமினோ அமிலச் சங்கிலி) படிகங்களின் அமைப்பைக் கண்டறியும் மாணவர்கள், தாங்கள் உண்மையில் எந்த நிரலைப் பயன்படுத்தினார்களோ அதற்குரிய கட்டுரையையும், கோணங்களை வரைபடத்தில் இட்டுப் பார்த்திருந்தால் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப்படி என் மேசைக்கு வருகிறது.