டீயைத் தள்ளிவைத்த நாட்கள்

ஜனவரி 6, 2025, திங்கள்

மதுரையில் கர்ப்பமாகாமலே மகப்பேறு டாக்டரைப் பார்க்கப் போனால் ரிசப்ஷனிலேயே குழப்பம்தான். "எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கு?" என்று மூன்று முறை கேட்டார் அந்தப் பெண். தள்ளிப்போகவில்லை, இனிமேல்தான் என்றேன்.

டாக்டரின் முதல் கேள்வி: "சொந்தத்திலயா கல்யாணம்?" ஆமாம், அத்தை மகன். திட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. உறவில்லாத தம்பதிக்கே 100-ல் 3 குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம், முறைப்பையன் என்றால் அது 5, 6 வரை போகலாம் என்று சொல்லி, இரண்டு பேருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான டெஸ்ட் எழுதினார். சின்ன வயதில் தவறிய பிள்ளைகள், காது கேட்காதவர்கள் குடும்பத்தில் உண்டா என்று விசாரித்து வரச் சொன்னார். எனக்கு அப்பத்தா, அவருக்கு அம்மாச்சி, ஆள் ஒன்றுதான். ஒரே போனில் வேலை முடிந்தது. அப்படி யாரும் இல்லையாம்.

இன்றே ஃபோலிக் ஆசிட் ஆரம்பம், தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுமாம். நாள் தள்ளி, கார்டு வாங்கி, இரண்டு கோடு பார்த்து, அப்புறம் மாத்திரை போட்டால் அந்த நேரம் கடந்திருக்கும். மெடிக்கலில் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். சீட்டைக் காட்டி மாற்றி வாங்கினேன்.

ஜனவரி 10, வெள்ளி

ரிசல்ட் வந்தது. தைராய்டு, சர்க்கரை சரி. தலசீமியா இருவருக்கும் இல்லை. ஹீமோகுளோபின் 10.4, இருக்க வேண்டியது 12. வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கிற ருபெல்லா அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, அதனால் அதற்கான எம்எம்ஆர் தடுப்பூசி. கர்ப்பமான பிறகு இதைப் போட முடியாது. போட்டபின் ஒரு மாதம் கரு தங்கக் கூடாது. கையோடு போட்டுக்கொண்டேன்.

இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. ஊசி வலித்ததைவிட இது வலித்தது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல், அத்தை வீட்டில். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலிலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அத்தை, "மொதல்ல ரத்தம் ஊறட்டும்க்கா" என்று முடித்துவிட்டார். கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை. ஆய்வது யார் என்பதுதான் கேள்வி.

ஜனவரி 27, திங்கள்

இன்று அவருடைய முறை. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும், நாளைக்கே சிகரெட்டை விட்டால் ஏப்ரலில்தான் பலன் என்றார் டாக்டர். எனக்கு ஊசி, மாத்திரை, கீரை, டீக்குத் தடை. அவருக்கு ஒரே ஒரு வேலை. ராத்திரி ஸ்கூட்டர் பெட்டியில் லைட்டர் கிடந்தது. எடுத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஊசிக் கணக்கு இன்றோடு முடிகிறது. ஹீமோகுளோபின் 11.3. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர், சரி என்றேன்.

சிகரெட் இல்லாத நாளுக்கெல்லாம் அவர் காலண்டரில் பென்சில் கோடு போடுகிறார். ஒன்பது கோடு, ஒரு நாள் காலி, பிறகு நான்கு. காலியாக இருப்பது அவருடைய நண்பர் கல்யாண ரிசப்ஷனுக்குப் போன நாள். நான் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மாத்திரை போட்ட கையோடு நானும் இரண்டு டீ குடித்தேன்.