பனியை எடை போட்ட இரண்டு மாதம்

திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் ஐப்பசியில் கொண்டைக்கடலை விதைத்தால், அதற்கப்புறம் யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. மழை விட்டுப்போன ஈரமும் ராத்திரிப் பனியும்தான் அதற்கு. "பனியிலயே வெளஞ்சுருங் கண்ணு" என்று பெரியப்பா சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். காலை ஏழு மணிக்கு அந்தக் காட்டுக்குள் நடந்தால் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும், அதனால் அவர் சொல்வதை நம்பாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு பனி? யாரிடம் கேட்டாலும் "நல்ல பனி", "கடும் பனி" என்பதோடு முடிந்துவிடும். இந்த மார்கழியில் அதை எடை போட்டே பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

சாமான்கள் அதிகமில்லை. ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையலறைத் தராசு, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் வெட்டிய ஒரு தகடு, பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துணிகள், இரண்டு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. மழைமானி முன்பே வீட்டில் இருந்தது. சாயங்காலம் தகட்டைக் காட்டில் வைத்துவிட்டு, விடிவதற்கு முன் போய், உலர்ந்த துணியால் ஒரு சொட்டு விடாமல் துடைத்து, துணியை மறுபடி எடை போட வேண்டும். கூடுகிற எடைதான் பனி. அந்த அளவுத் தகட்டில் 9 கிராம் நீர் என்றால் 0.1 மி.மீ. மழை பெய்ததற்குச் சமம்.

முதல் வாரம் முழுக்க வீணாகப் போனது. எட்டு நாளும் துணியின் எடை கூடவே இல்லை, கூடினாலும் ஒரு கிராம். பக்கத்தில் அவரைக் கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்க, என் தகடு மட்டும் காய்ந்து கிடந்தது. தகடு பளபளக்கும் எவர்சில்வர். கோளாறு அங்கேதான் இருந்தது. பனி நாம் பேச்சில் சொல்வதைப்போல மேலிருந்து பெய்வதில்லை. தெளிந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொருள், இரவெல்லாம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதன்மேல் படும் காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே நீராகிறது. பளபளக்கும் உலோகம் சூட்டை எளிதில் வெளிவிடாது, அதனால் அது குளிர்வதும் இல்லை, நனைவதும் இல்லை.

இதைத் தேடிப் படித்தபோதுதான் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவரைப் பற்றித் தெரிந்தது. லண்டனில் இருந்தவர். சிறு சிறு கம்பளிப் பொதிகளை ராத்திரி தோட்டத்தில் வைத்து, காலையில் எடை போட்டு, பனி எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்த்து 1814இல் எழுதியிருக்கிறார். பளபளப்பான உலோகத்தில் பனி குறைவு என்பதை அவரும் பார்த்திருக்கிறார். நான் எட்டு நாள் குழம்பிய விஷயம் இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கையில் பிடிபட்டிருந்தது. அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

தகட்டுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்து, தரையின் சூடு ஏறாமல் இருக்க அடியில் ஒரு தெர்மோகோல் பலகை வைத்தேன். மறுநாள் காலை 14 கிராம். துணியைப் பிழிந்தால் உள்ளங்கையில் நீர். நோட்டில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் தினமும் வேலை சீராக நடந்தது. சில விஷயங்கள் அளக்காமலே தெரிய ஆரம்பித்தன. ராத்திரி படுக்கும்போது நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் காலையில் கட்டாயம் 15 கிராமுக்கு மேல். மேகம் மூடிய ராத்திரியில் ஒன்றுமே இல்லை. காற்று வீசினாலும் இல்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓயாமல் சுற்றும் காற்றாலைகள், இந்த மாதங்களில் பல நாள் விடியும்போது அசையாமல் நிற்கும். இறக்கைகள் நிற்பதைப் பார்த்தாலே துணியை இரண்டாக எடுத்துக்கொண்டு போவேன்.

வேப்பமரத்தடியில் வைத்த இன்னொரு கறுப்புத் தகடு ஒரு நாளும் 2 கிராமைத் தாண்டவில்லை. மரம் வானத்தை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். "வாசல்ல நிக்காத, தலைக்குத் துண்டு போடு" என்று அம்மா விரட்டுவதன் காரணமும் அப்போது புரிந்தது. திறந்த வானத்தடியில் நின்றால் நம் தலையும் ஒரு தகடுதான். துண்டு போட்டால் அந்தக் குளிர்ச்சியைத் துண்டு வாங்கிக்கொள்கிறது. தெர்மாமீட்டர் சொன்னதும் அதுதான். நான்கடி உயரத்தில் கட்டியது 17.5 டிகிரி காட்டிய காலையில், புல்மேல் கிடந்தது 14 காட்டியது. ஓர் ஆளின் நெஞ்சுக்கும் காலுக்கும் நடுவில் மூன்றரை டிகிரி.

இன்னொன்று, சூரியன். ஆண்டிலேயே குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22இல். அதற்கப்புறம் சீக்கிரம் விடியும் என்று நினைத்திருந்தேன். அன்று எங்கள் ஊரில் சூரியன் தலைகாட்டியது சுமார் 6.34க்கு. தை பிறந்தும் நேரம் தள்ளிக்கொண்டே போய், ஜனவரி 20ஐ ஒட்டி 6.44 ஆனது. பகல் நீள்வது சாயங்காலப் பக்கத்தில்தான். பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுவதும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து உச்சிப்பொழுதையே நாளுக்கு நாள் தள்ளிவிடுகின்றன. தையில் எழுந்திருப்பது மார்கழியைவிடக் கஷ்டமாக இருப்பது சோம்பல் அல்ல என்று தங்கச்சி மகனுக்கு நோட்டைக் காட்டினேன். அவன் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

மார்கழி முழுக்க ராத்திரியில் உருமிச் சத்தம் தூரத்திலிருந்து வரும். மாட்டைப் பழக்கி ஆடவைக்கும் சலகெருது ஆட்டம். விடியும்போது வாசலில் சாணிப் பிள்ளையார்மேல் பூசணிப்பூ. போகிக்குக் காப்புக் கட்டப் பூளைப்பூ பறிக்கப் போன காலை, பூளைக் கதிர் ஒவ்வொன்றும் பனியில் ஊறி ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாக இருந்தது. ஒரு பிடியைத் தராசில் வைத்தேன்: 61 கிராம். திண்ணையில் உலர்த்தி மத்தியானம் வைத்தபோது 38. தையில் பழனிக்கு நடந்து போகிற காவடிக் கூட்டம் அதிகாலையில் ரோட்டோரம் ஓய்வெடுக்கும்போது போர்வைகள் எல்லாம் பனியில் நனைந்து கனத்துக் கிடக்கும். அந்தப் போர்வைகளையும் எடை போட்டுப் பார்க்க ஆசைதான், கேட்கக் கூச்சமாக இருந்தது.

கடலைச் செடியின் பனி தனி. இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் நுண்ணிய ரோமம். அதிலிருந்து புளிப்பு கசியும். மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும். பனி அதைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. காலில் கீறல் இருந்தால் காட்டுக்குள் இறங்கியதும் எரியும். காய்ப்புழு முழுதாகச் சூறையாடாமல் இருக்க அந்தப் புளிப்பு செடிக்கு ஓரளவு காவல். வெள்ளைத் துணியைச் செடிகள்மேல் ராத்திரி விரித்து, காலையில் பிழிந்து எடுப்பதைக் கடலைப் புளிப்பு என்று சித்த மருத்துவத்தில் சொல்வார்கள். நானும் நான்கு முழத் துணி ஒன்றை விரித்தேன். மூன்று நாள் சேர்த்ததில் ஒரு சின்ன டம்ளர். நாக்கு நுனியில் தொட்டதும் பல் கூசியது. புளியின் கனமோ எலுமிச்சையின் வாசமோ இல்லாமல், சுத்தமான புளிப்பு மட்டும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மார்கழி 9 முதல் மாசி முதல் வாரம் வரை 52 காலை அளந்தேன். பனி விழுந்தது 41 ராத்திரி. அதிகபட்சம் 23 கிராம், தை நடுவில். மொத்தம் 512 கிராம். மழைக் கணக்கில் மாற்றினால் 5.7 மி.மீ.

மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் பெய்த மழையே என் மழைமானியில் 8 மி.மீ. காட்டியது. இரண்டு மாதப் பனி அந்த ஒரு மழைக்கு ஈடாகவில்லை. இதை நம்பியா கடலை விளைகிறது? மனசு கொஞ்சம் விழுந்துதான் போனது. கரிசல் மண் மழை நீரை ஆழத்தில் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கொடுப்பதால்தான் செடி நிற்கிறது என்பது தெளிவு. அப்படியென்றால் பெரியப்பா சொன்னது?

நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். "பனி என்ன செடி குடிக்கறதுக்கா வருது? வெயிலு வந்தா மொதல்ல எதையாச்சும் உறிஞ்சும். மொதப் பந்தி பனிக்கு. ரெண்டாம் பந்திதாஞ் செடிக்கு" என்றார்.

மறுநாள் தகட்டை விட்டுவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூரியன் வந்தது சுமார் 6.40க்கு. கடைசி இலை காய்ந்தபோது 9.15. இரண்டரை மணி நேரம் வெயில் பனியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அதுவரை செடி தன் நீரை அதிகம் இழக்கவில்லை. நான் அளந்தது நீரின் அளவை மட்டும். அவர் சொன்னது நேரத்தை.

உடனே ஐந்து செடிகளுக்கு மேல் குச்சி நட்டு, ராத்திரி மட்டும் பாய் போட்டு மறைத்தேன். மூன்று வாரம். மறைத்த செடிகள் மத்தியானம் முன்னதாகவே வாடியதாகத் தோன்றியது. காய் எண்ணியதில் அவற்றில் சராசரி 24, பக்கத்து ஐந்தில் 31. இதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட மாட்டேன். பாய் பனியை மட்டும் தடுக்கவில்லை, குளிரையும் தடுத்திருக்கிறது. ஐந்து செடி போதவும் போதாது. அடுத்த வருஷம் ஐம்பது செடி, அதுவும் வேறு வேறு வரிசையில்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியையும் பார்த்துவிட்டேன். மார்கழியில் பனி விழுந்த ராத்திரிகளின் சராசரி 10 கிராம், தையில் 15, மாசியின் நான்கு ராத்திரிக்கு 9 சொச்சம். தை பொருந்துகிறது. மாசியில் பனி குறைந்துவிட்டது, ஆனால் பகலில் 33 டிகிரி, விடியலில் 17. சூடேறிய மச்சு ஒரே ராத்திரியில் அவ்வளவு குளிர்வதைத்தான் அப்படிச் சொன்னார்களோ என்று நினைக்கிறேன்.

நேற்றிலிருந்து கடலை பிடுங்குகிறார்கள். வெயில் ஏறினால் காய் உதிர்ந்து கொட்டிவிடும், செடியும் கையைக் கிழிக்கும். அதனால் ஐந்தரை மணிக்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். "பனி காயறதுக்குள்ள அந்த வரிசைய முடிச்சுருங்க" என்று பெரியப்பா வரப்பிலிருந்து சத்தம் போடுகிறார். இன்று காலைத் தகட்டில் 7 கிராம். எட்டேகாலுக்குக் காய்ந்துவிட்டது, பாதி வரிசை மிச்சம்.